சிரித்துப் பேசும் டாக்டர்

பழைய மாத நாவலின் தாள் வாசனை எங்கே வந்தாலும், ஆரணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த, இப்போது இல்லாமல் போய்விட்ட வாடகைப் புத்தகக் கடைக்கு மனம் போய்விடுகிறது. சேலையில் பட்டு இழை ஒட்டியிருக்க, தறி வேலைக்கு நடுவே புத்தகம் மாற்ற வரும் அம்மாவும் பக்கத்து வீட்டு சரசா அக்காவும், படித்த கதைகளை ஊரில் நடந்தவைபோலவே அங்கே பேசிக்கொண்டு நிற்பார்கள்.

"அந்த டாக்டருதான் ஊசி போட்டே கொன்னுகினு வர்றான். சிரிச்சு சிரிச்சுப் பேசுறான் பாருங்கக்கா, அதுலயே தெரிஞ்சுபோச்சு" என்றாள் சரசா அக்கா ஒருநாள்.

அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்ற சின்னப் பிள்ளையான எனக்குத் தெரிந்த ஒரே டாக்டரும் சிரித்துச் சிரித்துத்தான் பேசுவார். அந்த வாரமே எனக்குக் காய்ச்சல் வந்தது. அம்மா இழுத்துப் போய் அவர் முன்னால் உட்கார வைத்தாள். "கொன்னுடாதீங்க" என்று அழுதேன். அம்மா கூச்சத்தோடு நாவல் விஷயத்தைச் சொன்னாள்.

டாக்டர் சிரிக்கவில்லை. "அதை நானும் படிச்சேம்மா. நல்லா எழுதிகினு வந்தவரு முடிவுல கோட்டை விட்டுட்டாரு. கொலை பண்ணது டாக்டரு இல்ல, கம்பவுண்டரு" என்றார்.

மருந்து அறைத் திரையை விலக்கிக்கொண்டு, கையில் ஊசியோடு கம்பவுண்டர் என்னை நோக்கி வந்தார்.