ஒரு கைப்பிடிப் புல்

சிலாந்தோயின் மாடுகளில் ஏழு செத்தன. பதினொன்று என்று ஊரில் சொல்வார்கள்; அது அவளிடம் இருந்த மொத்த எண்ணிக்கை. செத்தவை ஏழுதான். ஏழும் அவளுடைய புல்வேலிக்கு வெளியே, உள்ளே நின்ற புல்லைப் பார்த்தபடி செத்தன.

அந்த வேலிக்குள் முன்பு எதுவும் இருந்ததில்லை. ஓல்டோரோய் மேட்டுக்குக் கிழக்கே வெறும் செம்மண் பொட்டல். மழை பெய்தால் நீர் நிற்காமல் வழிந்து ஓடைக்குப் போய்விடும். எதற்கும் ஆகாத நிலம் என்பதால்தான் எங்கள் மாசாய்ப் பெரியவர்கள் அதைப் பெண்களிடம் விட்டார்கள். விடும்போது ஒரு நிபந்தனையும் போட்டார்கள். அங்கே புல் வளர்த்து, விதை எடுத்து, நாலாம் வருடத்துப் பெருமழைக்கு முன் காட்ட வேண்டும். காட்டினால் பக்கத்துப் பொட்டலும் சேர்ந்து பெண்களுக்கு. இல்லாவிட்டால் நிலம் திரும்பிவிடும், குத்தகைக்குப் போகும். பள்ளிக்கூடத்து மழைமானியை நான் பல வருடங்களாகப் பார்த்து எழுதி வருகிறேன். அதனால் என்னைச் சாட்சியாக உட்காரவைத்தார்கள்.

சிலாந்தோய் கணவனை இழந்தவள். பேச்சைக் கேட்கும்போதும் கை ஏதாவது செய்துகொண்டிருக்கும். அவளும் பதினெட்டுப் பெண்களும் அந்தச் சரிவில் பிறைநிலா வடிவில் குழி தோண்டினார்கள். தோண்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் கரையாகக் கட்டினார்கள். வழிந்து வரும் நீர் கரையில் முட்டி நிற்க, அதில் கொழுக்கட்டைப்புல் விதைத்தார்கள். முதல் வருடம் கரையான் தின்றது. இரண்டாம் வருடம் முழங்கால் உயரம் வந்தது.

அப்போதுதான் நகரத்திலிருந்து ஒரு தொண்டு நிறுவனத்துப் பையன் வந்தான். சிலாந்தோய் கையில் ஒரு போனைக் கொடுத்து வேலியைச் சுற்றி நடக்கச் சொன்னான். அவள் நடந்த வழி அதில் கோடாக விழுந்தது. வானத்திலிருந்து எடுக்கும் படம் அவ்வப்போது அந்தக் கோட்டுக்குள் வரும். எங்கே பச்சை, எங்கே காய்ந்திருக்கிறது என்று காட்டும். எந்தக் குழியின் கரை உடைந்திருக்கிறது என்பதை அவள் வீட்டிலிருந்தே கண்டுபிடித்து ஆளனுப்பினாள். நானே போய்ச் சரிபார்த்திருக்கிறேன். தவறியதில்லை.

பையன் கிளம்பும்போது கேட்டான்: "இந்தப் படம் உங்களுக்கு மட்டும் தெரிஞ்சாப் போதுமாக்கா, இல்ல எல்லாரும் பாக்கலாமா?"

"எல்லாரும் பாக்கட்டும். பொம்பளைங்க தோண்டினதுன்னு தெரியட்டும்."

அதற்குப் பிறகு இரண்டு மழைக்காலம் பொய்த்தது. நடுவில் ஒரே ஒரு மழை, முப்பத்தொரு மில்லிமீட்டர். மற்ற இடத்திலெல்லாம் அது ஓடிப்போனது. பிறைக்குழிகளில் நின்றது. ஊரே காய்ந்து கிடக்க, வேலிக்குள் புல் இடுப்பளவு எழுந்து கதிர் விட்டது. விதை முற்றும்வரை எந்த மாடும் உள்ளே போகக் கூடாது என்று சிலாந்தோய் சொன்னாள். தன் மாடுகளையும் சேர்த்துத்தான் சொன்னாள்.

காலையில் எழ முடியாமல் கிடக்கும் மாடுகளை வாலைப் பிடித்தும் வயிற்றுக்கடியில் கயிறு கொடுத்தும் தூக்கி நிறுத்துவதே அப்போது எல்லோருக்கும் வேலை. அவளுடைய செவலைப் பசுவைத் தூக்கும்போது கொழுந்தன் சிரோங்கா சொன்னான்:

"அண்ணி, உன் போன்ல பச்சையாக் காட்டுதாமே. அதை இது மூஞ்சிக்கு நேரா நீட்டு, வயிறு நிறையுதா பாப்போம்."

"உன் வாய்க்கு நீட்டினா அதாவது அடங்கும். கயித்தப் புடி."

"ஒரு அரி புல்லு அறுத்துப் போட்டா என்ன குறைஞ்சிடும்?"

"நான் ஒரு அரி அறுத்தா நாளைக்குப் பதினெட்டுப் பேரும் அறுப்பாங்க. அப்புறம் விதைக்கு எங்க போறது?"

செவலை இரண்டு முறை நின்று விழுந்தது. மூன்றாம் முறை தூக்கவில்லை.

விதை முற்றப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் எங்களுடையது அல்லாத மணிச்சத்தம் கேட்டது. தெற்கே எல்லைப் பக்கத்திலிருந்து கொய்சிகிர் என்பவன் மாடுகளை ஓட்டி வந்திருந்தான். முப்பத்தேழு இருந்தன. முள்வேலி வாசலில் கைத்தடியைக் கீழே போட்டுவிட்டு, ஒரு கைப்பிடிப் புல்லை உயர்த்திப் பிடித்து நின்றான்.

எங்களிடம் அதற்கு மேல் ஒரு வேண்டுதல் கிடையாது. புல்லைப் பிடித்து நிற்பவன்மேல் கை ஓங்க முடியாது. அவன் கேட்பதை இல்லையென்று திருப்பவும் முடியாது.

சிலாந்தோய் அந்தக் கையைப் பார்த்தாள். பச்சைப் புல், கதிரோடு.

"எங்க பறிச்ச?"

"உன் வேலியில கைய விட்டுத்தான் தாயி. வேற எங்க புல்லு இருக்குன்னு சொல்லு, அங்க போய்ப் பறிச்சுட்டு வந்து நிக்கிறேன்."

"விதை இன்னும் பால்ல இருக்கு. பத்து நாள் பொறுத்துக்கோ."

"அந்தக் கறுப்பி உக்காந்தா எந்திரிக்காது. எட்டு நாளா நடக்கிறோம். வழியில போட்டது போக மிச்சம் இதுதான்."

"இங்க புல்லு இருக்குன்னு யாரு சொன்னா?"

அவன் கழுத்தில் தொங்கிய போனை எடுத்துக் காட்டினான். மேய்ச்சல் தேடுபவர்களுக்கு வரும் படம். எங்கள் பக்கம் முழுக்க மண்நிறம், நடுவில் ஒரு பச்சைப் புள்ளி. அதன் விளிம்பு சிலாந்தோய் காலால் நடந்து வரைந்த கோடு. அவள் அந்தக் கோட்டின்மேல் விரலை ஓட்டினாள்.

"திருப்பி அனுப்பு அக்கா" என்றாள் அவளோடு குழி தோண்டிய நோசிம். "இவன் புடிச்சிருக்கிறதே திருட்டுப் புல்லு. அதுக்கெல்லாம் மரியாதை கிடையாது. கேளு, பெரியவர் சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். புல் யாருடையது என்று வழக்கம் கேட்பதில்லை. அதைச் சொன்னேன்.

சிலாந்தோய் தரையில் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து கொய்சிகிரிடம், "உச்சிவேளை வரைக்கும் நிறுத்தி வை" என்றாள்.

பெண்கள் உள்ளே ஓடினார்கள். முற்றிய விதை உள்ளங்கையால் உருவினால் தானே வந்துவிடும். பால்பிடித்த கதிரைப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டும். சுணை ஏறிக் கைகளில் ரத்தம் வந்தது. உச்சிக்குள் மூன்று சாக்கு சேர்ந்தது. முள்வாசலை அவளே இழுத்துத் திறந்தாள்.

குழிகளில் மண் பொலபொலவென்று இருந்ததால் புல் வேரோடு வந்தது. கரைகள் குளம்படியில் சமமாகின. சிரோங்கா அவளுடைய மிச்ச நான்கையும் ஓட்டிவந்து உள்ளே விட்டான். அவள் தடுக்கவில்லை. வெறும் வயிற்றில் பச்சையை வாரித் தின்றதில் கறுப்பி உட்பட இரண்டு மாடுகள் வயிறு உப்பி அங்கேயே செத்தன. மறுநாள் மாலை கொய்சிகிர் கிளம்பும்போது அவள் முன்னால் தலை தாழ்த்தினான். அவன் தலையைத் தொட்டு அனுப்பினாள்.

நூறு விதையை ஈரத்துணியில் சுற்றி முளைவிட்டுப் பார்த்தேன். நாலு முளைத்தது.

"நாலா?" என்றாள் சிலாந்தோய்.

"நாலுதான்."

"மூணு சாக்குல நூத்துக்கு நாலுன்னா, காட்டுறதுக்காவது ஆகுமில்ல பெரியவரே?"

ஆகும் என்றேன். நூற்றுக்கு நாலுதான் முளைத்தது என்பதையும் சேர்த்தே பெரியவர்களிடம் சொல்வதாக இருந்தேன்.

ஆனால் புதுப் படம் வரவில்லை. மழை தராத மேகம் வானத்தை மூடிக் கிடந்தது, படம் எடுக்க வழியில்லாமல். போன்களில் அந்தப் புள்ளி பச்சையாகவே நின்றது. மந்தைகள் வந்துகொண்டே இருந்தன. முதலில் வந்தவர்கள் வேலியோரத்து அடித்தாளைப் பிடுங்கிக் கையில் பிடித்து நின்றார்கள். பிறகு வந்தவர்களுக்குப் பிடிக்கவும் எதுவும் இல்லை. ஒவ்வொருவரையும் சிலாந்தோய் உள்ளே கூட்டிப்போய் மண்ணைக் காட்டினாள்.

ஒருவன் ஆறு மாடுகளோடு வந்தான். பார்த்தான். போனைப் பார்த்தான்.

"எங்க ஒளிச்சு வெச்சிருக்க?"

"ஒளிக்கிறதுக்கு அது என்ன மூக்குப்பொடியா தம்பி? தின்னுட்டுப் போயிட்டாங்க."

"இதோ பச்சையா இருக்கே. இதை நம்பித்தான் நாப்பது மாட்டை வழியில போட்டுட்டு வந்தேன். நீதான கொன்ன?"

தடியை ஓங்கினான். சிரோங்கா தூரத்தில் இருந்தான். நான் எழுந்திருக்கவே நேரமாகும்.

சிலாந்தோய் பின்னால் நகர்ந்து, குடிசை வாசலில் காய்ந்துகொண்டிருந்த விதைச்சாக்கில் கைவிட்டு ஒரு பிடி கதிரை எடுத்து முகத்துக்கு நேரே உயர்த்தினாள். தடி அந்தரத்தில் நின்றது. மெல்ல இறங்கியது.

அவனுக்குப் பின்னாலிருந்த பசு கழுத்தை நீட்டி, அவள் கையிலிருந்ததைத் தின்றது. அது நக்கி முடிக்கும்வரை அவள் கையை எடுக்கவில்லை. பிறகு குனிந்து, சாக்கிலிருந்து இன்னொரு பிடி எடுத்தாள்.