பஸ்ஸிலிருந்து இறங்கிய அத்தான்

என் அக்கா வீட்டுக்காரர் தனியார் பஸ் ஓட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் முதலாளி பஸ்களையெல்லாம் விற்றுவிட்டு வேறு தொழிலுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. உட்கார்ந்து அழுதிருந்தால்கூட நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். அத்தான் குட்டி போட்ட பூனை மாதிரி கூடத்துக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார். மாடியறையில் குடியிருக்கும் எனக்கு அந்தச் செருப்புச் சத்தத்திலேயே தலைவலி வந்தது.

ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்ட ஆள் தேவை என்று கேள்விப்பட்டு விண்ணப்பம் போட்டது அக்காதான். அவரை நம்பியிருந்தால் இன்னும் பேனா தேடிக்கொண்டிருப்பார். நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள். அவ்வளவுதான், புலம்பல் ஆரம்பித்துவிட்டது.

"எனக்கு அம்பது தாண்டியாச்சு. என்னைப் போய் யாரு எடுப்பாங்க?"

"ஆஸ்பத்திரிக்காரங்கதான் கூப்பிட்டிருக்காங்க. நானா கூப்பிட்டேன்?" என்றாள் அக்கா.

"பழைய வேலையை ஏன் விட்டீங்கன்னு கேட்டா என்ன சொல்றது?"

"நீங்க எங்க விட்டீங்க? வேலைதானே உங்களை விட்டுச்சு. அதையே சொல்லுங்க."

நான் செருப்புக் கடையில் விற்பனையாளன். கால் நுழையாத ஷூவைக்கூட 'போடப் போடச் சரியாயிடும்' என்று சொல்லி விற்றுவிடுவேன். எனவே பயிற்சி கொடுக்கும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். சாப்பாட்டு மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரியாக உட்கார்ந்து கேட்டேன்.

"உங்க பலவீனம் என்ன?"

அத்தான் ரொம்ப நேரம் யோசித்தார். "இடது முட்டி," என்றார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "அத்தான், எதைக் கேட்டாலும் கண்ணை நேரா பாத்து 'பழகிக்கலாம் சார்'னு சொல்லுங்க. தெரியாதுன்னு மட்டும் வாயைத் திறந்துடாதீங்க. நாளைக்கு வேலைல ஏதாவது தப்பு நடந்தாலும் வண்டி மேல பழியைப் போட்டுடுங்க. வண்டி வந்து சாட்சி சொல்லவா போகுது?"

நேர்காணலில் யாரும் எந்தப் பலவீனத்தையும் கேட்கவில்லை. உரிமத்தைப் பார்த்தார்கள், ஆஸ்பத்திரியைச் சுற்றி ஓட்டச் சொன்னார்கள், சமையலறைப் பக்கத்து ஒடுக்கமான சந்தில் பின்னால் எடுக்கச் சொன்னார்கள். அத்தான் சுவரில் உரசாமல் எடுத்துவிட்டார். ஒரு மாதம் பார்ப்போம், சரிப்பட்டு வந்தால் நிரந்தரம் என்றார்கள்.

இனிமேலாவது மனிதர் அடங்குவார் என்று நினைத்தேன். எங்கே அடங்கினார்? மதியச் சாப்பாட்டை எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, சின்னப் பையன்கள் தாத்தா என்று கூப்பிடுவார்களோ, ரத்தத்தைப் பார்த்து மயக்கம் வந்துவிட்டால் என்ன செய்வது என்று புதுசு புதுசாகக் கிளப்பினார். அக்கா தேய்த்து வைத்த சீருடையை அவர் மறுபடி தேய்த்தார். அக்காவுக்கு வந்த கோபத்துக்கு, அந்த இஸ்திரிப் பெட்டி அவள் கையில் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

முதல் நாள் முதல் அழைப்பு, குளியலறையில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்ட ஒரு மளிகைக் கடைக்காரர். ஆள் நல்ல கனம். நாலு பேர் சேர்ந்து தூக்கி ஏற்றினார்கள். கூட வந்த நர்ஸ் பெண் ஏறிப் பின்கதவைச் சாத்தினாள். அத்தான் எஞ்சினை உறும விட்டார். மேலே விளக்கு சுற்றுகிறது, தெருவே வேடிக்கை பார்க்கிறது, வண்டி மட்டும் நகரவில்லை.

பஸ்ஸில் கண்டக்டர் எல்லாரையும் ஏற்றிவிட்டுப் பின்னாலிருந்து இரண்டு விசில் கொடுப்பார். அதற்கப்புறம்தான் அத்தானின் கால் பிரேக்கை விடும். பிழைப்பு முழுக்க அப்படியே பழகிய கால் அன்றைக்கும் அதற்காகவே காத்துக்கொண்டிருந்தது. தான் எதற்காகக் காத்திருக்கிறோம் என்பது அவருக்கே தெரியவில்லை.

கடைசியில் மளிகைக் கடைக்காரர்தான் படுத்தபடி குரல் கொடுத்தார். "என்னப்பா, நான் இறங்கித் தள்ளணுமா?"

வண்டி எங்கே எவ்வளவு நேரம் நின்றாலும் ஆஸ்பத்திரி அலுவலகத்தில் திரையில் தெரிந்துவிடுமாம். திரும்பி வந்ததும் அதிகாரி இரண்டு பேரையும் கூப்பிட்டார். ஏன் நின்றது என்று கேட்டார். அத்தானுக்கு என் உபதேசம் ஞாபகம் வந்து, எஞ்சின் மேல் பழி போட வாயெடுத்தார். அதற்குள் நர்ஸ் பெண் முந்திக்கொண்டாள்.

"என் தப்பு சார். நான் இந்த வாரம்தான் சேர்ந்தேன். வண்டி கிளம்பலன்னதும் நான்தான் எதையோ மறந்துட்டேன்னு நினைச்சு, பெல்ட், ஆக்ஸிஜன்னு ஒண்ணொண்ணா திரும்பப் பாத்துட்டிருந்தேன். டிரைவர் அண்ணனைக் கேக்கவும் பயமா இருந்துச்சு."

தன் மேல் விழ வேண்டிய பழியை அவள் எடுத்துக்கொள்வதை அத்தான் பார்த்தார். என் மொத்தப் பயிற்சியும் அந்த இடத்தில் வீணாகப் போயிற்று.

"பொண்ணு மேல தப்பு இல்ல சார். நான் விசிலுக்காக நின்னுட்டேன்," என்றார்.

"எந்த விசில்?"

அத்தான் எல்லாவற்றையும் சொன்னார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். சிரிப்பை அடக்கினாரா கோபத்தை அடக்கினாரா என்று அத்தானுக்கு இன்றுவரை விளங்கவில்லை. "கதவைச் சாத்துனதும் 'போலாம்'னு சத்தமா சொல்லும்மா," என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்தார். "நாளைக்குக் காலைல நெஞ்சுவலி கேஸுக்குப் போற வண்டியை எடுங்க. ரெண்டு பேரும் அதுலயே இருங்க."

சாயங்காலம் அத்தான் இதைச் சொல்லச் சொல்ல நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அக்காவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் மட்டும் சிரிக்காமல் தட்டில் இருந்த சோற்றை அளைந்துகொண்டிருந்தார்.

"இன்னும் என்ன? அதான் வேலை இருக்குன்னு சொல்லிட்டாங்களே," என்றாள் அக்கா.

"பஸ்ல ஏறுனவங்க அத்தனை பேரும் அவங்கவங்க ஸ்டாப்ல இறங்கிப் போனாங்க," என்றார் அத்தான். "இதுல யாராவது இறங்காமலே போயிட்டா? நான் ஓட்டிக்கிட்டு இருக்கும்போதே, எனக்குப் பின்னாடியே?"

வேலை கிடைத்த பிறகும் புதுசு புதுசாகப் புலம்பியது இதற்காகத்தான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. பாவமாக இருந்தது, கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

அக்கா அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேண்டாம்னா விட்டுடுங்க. நாளைக்கு நானே போய்ச் சொல்லிட்டு வரேன். வேற பாத்துக்கலாம்."

அத்தான் தட்டைப் பக்கத்தில் இழுத்துச் சாப்பிட ஆரம்பித்தார்.

"நான் போகலைன்னா அந்தப் பொண்ணு புது டிரைவர்கிட்ட எதையும் கேக்கப் பயந்துக்கிட்டுப் பின்னாடி தனியா உக்காந்திருக்கும்," என்றார். "இருட்டோட எழுப்பி விட்டுடு."