கரண்ட் போன இருபது நிமிடம்

ரவி அண்ணை இன்று விடியற்காலை போய்விட்டார்.

நாற்பத்து நான்கு வயது... கிட்னி. மூன்று வருஷம் டயலிசிஸில் இருந்தார்.

வெள்ளவத்தையில் கல்யாண வீடியோ எடுக்கும் ஸ்டூடியோ ஒன்றில் ஒன்பது வருஷம் ஒன்றாக வேலை செய்தோம். நான் கமரா, அவர் எடிட்டிங்.

கொழும்பு வெயிலில் எங்களுக்குச் சேர்ட் முழுக்க நனைந்துவிடும். அண்ணைக்கு மட்டும் ஒரு சொட்டு வேர்க்காது. "காலமை போட்ட பவுடர் அப்பிடியே இருக்கு, என்ன பிராண்ட் அண்ணை?" என்று பகிடி பண்ணுவேன்.

எடிட்டிங் மேசைக்குக் கீழே பிளாஸ்டிக் பேசின் ஒன்றில் தண்ணீர் வைத்து, அதற்குள் காலை விட்டபடிதான் வேலை செய்வார். சின்ன வயதிலிருந்தே கால் எரிவு. சுகர் டெஸ்ட் செய்தார், சுகர் இல்லை. அதோடு எல்லோரும் விட்டுவிட்டோம்.

கிட்னி இரண்டும் கெட்ட பிறகுதான் இளம் டொக்டர் ஒருவர் கேட்டாராம், "உங்களுக்கு வேர்க்கிறதோ?"

நாற்பத்தொரு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி...

ஃபாப்ரி என்று ஒரு பரம்பரை வருத்தம். உடம்பில் ஒரு என்சைம் போதாமல், ஒருவகைக் கொழுப்பு கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து, வேர்வையை நிறுத்தி, காலை எரியவைத்து, கடைசியில் கிட்னியைக் கெடுத்துவிடுமாம். அம்மா வழியில் வந்திருக்கிறது.

நானாக இருந்தால் அழுதுகொண்டு படுத்திருப்பேன். அண்ணை எனக்குப் போனில் கோல் எடுத்தார். "டேய், என்ட மாமாட மகள்ட கலியாணத்தில கரண்ட் போனதெல்லோ? அந்த ஃபூட்டேஜ் இருக்கோ?"

அண்ணையின் அம்மா வழிச் சொந்தமெல்லாம் கூடியிருந்த மண்டபத்தில், ஜெனரேட்டரும் வேலை செய்யாமல் போன இருபது நிமிடம். மேக்கப் கரைகிற முகங்களை யார் பார்க்க விரும்புவார்கள்? எடிட்டிங்கில் முழுவதையும் வெட்டி எறிந்தது அவரேதான். வெட்டாத ஒறிஜினல் என் ஹார்ட் டிஸ்கில் கிடந்தது. எதையும் எறியமாட்டேன் என்று வீட்டில் தினமும் பேச்சு வாங்குகிறவன் நான்.

அண்ணையின் பக்கத்தில் இருந்து பார்த்தேன். ஒவ்வொரு முகமாக நிறுத்தி, ஸூம் பண்ணி... மண்டபமே வேர்வையில் குளிக்கிறது. அவருடைய சின்னம்மாவின், அதாவது அம்மாவின் தங்கையின், மகன் கஜன் மட்டும் முகம் சிவந்து தூணோடு சாய்ந்து நிற்கிறான். நெற்றி காய்ந்து கிடக்கிறது.

"இவன்" என்றார் அண்ணை.

கஜனுக்கு டெஸ்ட் செய்யச் சொன்னதற்கு, சின்னம்மா போனிலேயே மறுத்துவிட்டார். "மகளுக்குக் கலியாணம் பேசுற நேரம், பரம்பரை வருத்தம் அது இதெண்டு வந்து நிக்காதே தம்பி."

டயலிசிஸ் முடிந்த மறுநாள், கையில் கட்டோடு கொட்டாஞ்சேனையில் சின்னம்மா வீட்டுக்குப் போனார். மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை. படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினார். லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு நான் பின்னால்.

போனவர் நேரே வீடியோவைப் போட்டார். சின்னம்மா முதலில் தன் சேலையைப் பார்த்தார். புருஷனின் நனைந்த சேர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். பிறகு மகனைப் பார்த்தார்...

"இவனும் கால் எரியுதெண்டு சொல்லுறவன்" என்று அழத் தொடங்கிவிட்டார்.

"எனக்குப் பிந்திப்போச்சு சின்னம்மா. இவனுக்கு நேரமிருக்கு."

டெஸ்டில் அதே வருத்தம். சிறுநீரில் புரதம் கசியத் தொடங்கியிருந்தது, ஆனால் கிட்னி இன்னும் வேலை செய்தது. உடனே மருந்து தொடங்கினார்கள். இன்றுவரை தாங்குகிறது.

தன் உடம்பு விழுந்துகொண்டிருந்த நேரத்தில், தானே வெட்டி எறிந்த காட்சியை ஞாபகம் வைத்து இன்னொருவனைத் தேடிப் பிடித்த மனுசன்.

இப்போது மலர்ச்சாலையில், அண்ணையின் உடலுக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். ஃபேன் போதாது. நாங்கள் எல்லோரும் முகத்தைத் துடைத்துக்கொண்டே நிற்கிறோம்.

கஜன் கண்ணை மட்டும் துடைக்கிறான்.

போயிட்டு வாங்கோ அண்ணை. அந்த இருபது நிமிடத்தை நான் அழிக்கமாட்டேன்.