கைகள் இல்லாத என் முதல் படக்கதை

எனக்குப் படம் வரையத் தெரியாது. தெரியாமலேதான் படக்கதைப் புத்தகம் போடத் தொடங்கினேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து ஓசூருக்கு வேலைக்கு வந்து மூன்றாவது வருடம் அது. வண்டி உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் தரப் பரிசோதனை. வந்த முதல் வாரம் நடந்ததையெல்லாம் அம்மாவிடம் போனில் சொல்லிச் சொல்லி, அது ஒரு கதையாகவே ஆகிவிட்டிருந்தது. எழுத உட்கார்ந்தால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வந்தது. கட்டம் போட்டு ஒரு பஸ்ஸையும் அதில் தூங்கி வழியும் பெண்ணையும் வரைந்து, மேலே ஒரு வரி எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. அப்படியே போகட்டும் என்று விட்டேன்.

பதினாறு பக்கம். வார விடுமுறைகளில் வரைந்தேன். முகத்துக்கு ஒரு வட்டம், கண்ணுக்குப் புள்ளி. கைதான் வரவே இல்லை. விரல்கள் வெண்டைக்காய் மாதிரி நின்றன. அதனால் எல்லோர் கையையும் மறைத்துவிட்டேன். சூப்பர்வைசர் பின்னால் கட்டியிருந்தார். ஆண்கள் பாக்கெட்டில் விட்டிருந்தார்கள். பெண்களுக்குத் துப்பட்டா உதவியது. மீதியை எழுத்து பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன்.

முதலில் காட்டியது பேக்கிங் பிரிவில் இருந்த தோழியிடம். கர்நாடக எல்லையோரம், தளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. வீட்டில் கன்னடம், எங்களிடம் தடங்கலில்லாத தமிழ். ஆனால் படித்தது கன்னடப் பள்ளியில். தமிழ் எழுத்து தெரியாது. அது நினைவில்லாமலே நான் காகிதங்களை நீட்டிவிட்டேன். அவளும் அதை நினைவுபடுத்தாமல் டீ நேரம் முழுக்க ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் களிய தட்டுல வச்சது யாரு?"

"நீதான். மேல எழுதியிருக்கேன்ல?"

"எழுதினது எனக்குப் படிக்க வராதே. படத்துல யாருமே இல்ல." முன்பக்கங்களைத் திருப்பினாள். "எல்லாரும் கைய ஒளிச்சு வச்சிருக்காங்க. எதுக்கு?"

வரைய வரவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனால் அவள் அதைக் கேட்டதுதான் எனக்கு உறைத்தது. கையை ஒளித்து வைப்பவள் அவள். முன்பு வேலை பார்த்த ஒரு சின்னப் பட்டறையில் பிரஸ் மெஷின் இறங்கி, வலது கையில் இரண்டு விரல்கள் பாதியோடு போயிருந்தன. ஒரு தடவை சொன்னாள், பிறகு அதைப் பற்றிப் பேசியதில்லை.

களி விஷயம் இதுதான். நான் சேர்ந்த இரண்டாம் நாள், கேன்டீன் டோக்கன் இன்னும் வராமல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எதிரே இருந்தவள், பெயர்கூடக் கேட்காமல், தன் டப்பாவிலிருந்து பாதிக் களியைப் பிட்டு ஒரு தட்டில் என் பக்கம் வைத்தாள். 'என்மேல் இரக்கப்பட்டாள்' என்று அந்தக் கட்டத்தின் மேலே எழுதியிருந்தேன்.

அதன்பின் இரண்டு மாதம் கையாகவே பார்த்தேன். பஸ் கம்பியைப் பிடித்த கைகள், குழம்பு ஊற்றும் கை, என் இடது கை. நோட்டுப் புத்தகம் ஒன்று தீர்ந்தது. ஓரளவு வந்ததும் களிப் பக்கத்தைத் திரும்ப வரைந்து அவளிடம் காட்டினேன். ஐந்து விரலும் முழுசாகப் போட்டிருந்தேன். அதுதான் மரியாதை என்று எனக்குத் தோன்றியிருந்தது.

"இது யார் கை?" என்றாள்.

அவள் துப்பட்டாவுக்குள்ளிருந்து கையை எடுத்து மேசைமேல், வெளிச்சம் படும்படி வைத்தாள். "பாத்துப் போடுக்கா."

வேலையில் நான் தினமும் அளவு குறித்த டிராயிங்கைப் பார்த்துப் பொருளைச் சோதிப்பவள். அளவு மாறியிருந்தால் சிவப்பு டப்பாவில் போடுவேன். அன்று பொருளைப் பார்த்து டிராயிங்கை மாற்ற வேண்டியிருந்தது. முதல் சில நிமிடம் என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை. பிறகு பென்சில் ஓட ஓட, அது காயமாக இல்லாமல் கோடும் நிழலுமாக ஆனது. தையல் தழும்பு எங்கே வளைகிறது, நகமில்லாத நுனி எப்படி உருண்டிருக்கிறது என்பதெல்லாம் தெரிந்தது. மூன்று டீ இடைவேளை ஆனது. அவள் அலுத்துக்கொள்ளவே இல்லை.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடையில் அச்சிட்டேன். பக்கங்களை மடிக்கும் கணக்குத் தெரியாமல் முதல் பிரதியில் மூன்றாம் பக்கத்துக்கு அடுத்துப் பதினாலு வந்தது. கடைக்காரர் பழைய பேப்பரை மடித்து, எண் போட்டுக் காட்டினார். கடைசியில் இருபத்தைந்து புத்தகங்கள் உருப்படியாக வந்தன. கம்பெனி பஸ்ஸில் கொடுத்தேன். சிலர் சிரித்தார்கள், சிலர் மடித்துப் பையில் வைத்தார்கள். தன் தொப்பை அவ்வளவு பெரிதா என்று சூப்பர்வைசர் மட்டும் கேட்டார்.

அடுத்த வாரம் தோழி தன் பிரதியைக் கொண்டுவந்தாள். எல்லாக் கட்டங்களிலும் என் தமிழுக்குக் கீழே பென்சிலால் கன்னடம். யாரிடமும் அர்த்தம் கேட்காமல், படத்தைப் பார்த்து அவளாக எழுதியது. ஒவ்வொன்றாக எனக்குப் படித்துத் தமிழில் சொன்னாள். களிக் கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறாய் என்று கேட்டேன்.

"'எனக்கு வேணாம், நீ தின்னு'ன்னு. அன்னைக்கு வயிறு சரியில்லக்கா. வீணாப் போயிடுமேன்னுதான் குடுத்தேன்."

மூன்று வருடமாக அம்மாவிடம் வேறு மாதிரி சொல்லிவந்திருக்கிறேன். கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. ஆனால் படத்தை மறுபடி பார்த்தபோது, அந்தக் கையில் இரக்கம் எதுவும் தெரியவில்லை. களியைத் தள்ளிவிடும் சாதாரணக் கைதான் அது. அதைச் சரியாகத்தான் வரைந்திருக்கிறேன். மேலே எழுதியதுதான் தவறு. இரண்டாம் தடவை அச்சிட்டபோது என் வரியை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டேன்; கன்னடத்தில், அவள் கையெழுத்திலேயே.