மலை தெரிந்த சின்னத் துரை

மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தபோது, பெரிய துரைக்கு உதவியாக ஒரு சின்னத் துரை வந்து சேர்ந்தார். தம் நாட்டுப் பனிமலைகளில் கயிறு கட்டி ஏறியவராம். பனி எப்போது சரியும், எந்தச் சரிவில் கால் வைக்கலாம் என்பதெல்லாம் அவருக்கு அத்துபடி. இதை அவரே சொன்னார், வாரத்துக்கு இரண்டு முறையாவது.

அந்த ஆடியில் ஒன்பது நாள் விடாத மழை. பத்தாம் நாள் காலை சற்று வெறித்தது. ஓடைக்கு அப்பாலுள்ள சரிவில் உடனே கொழுந்து எடுக்க வேண்டும் என்றார். பெண்களோடு கரை வரை போனோம். முன்னால் போனவள் நின்றுவிட்டாள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரி, நாலு வருஷத்துக்கு முன் மண்சரிவில் தங்கையைப் பறிகொடுத்தவள்.

"கணக்கப்பிள்ளையய்யா, இந்த மழைக்கு ஓடை ரொம்பியில்லா ஓடணும்? வத்திக் கெடக்கு பாருங்க. மேல எங்கயோ மண்ணு அடைச்சு நிக்கி. அந்த மரமெல்லாம் முந்தாநாள் நேரா நின்னுச்சு, இப்ப சாஞ்சிருக்கு. நாங்க தாண்ட மாட்டோம்."

சொல்லிவிட்டுப் பாறையில் உட்கார்ந்தாள். மற்றவர்களும் உட்கார்ந்தார்கள்.

நான் துரைக்கு இங்கிலீஷில் சொன்னேன். ஓடை வற்றியதையும் மரம் சாய்ந்ததையும் விட்டுவிட்டு, "பயப்படுகிறார்கள்" என்று மட்டும் சொன்னேன். என் நெஞ்சுரம் அவ்வளவுதான்.

அவர் சிரித்தார். "பயமில்லை, சோம்பல். சரிவைப் பற்றி எனக்குப் பாடம் சொல்கிறார்களா?" என்றவர், செய்து காட்டுவதற்காகத் தாமே ஓடையைத் தாண்டி ஏறினார். கொஞ்ச தூரம் போயிருப்பார், மேலே மூங்கில் முறிவது போலச் சத்தம் கேட்டது.

"ஓடை வழியா கீழ எறங்காதீங்க, பக்கத்து மேட்டுக்கு ஏறுங்க" என்று அவள் பெண்களை விரட்டினாள். துரையைப் பார்த்தும் மேட்டுப் பக்கம் கையை வீசினாள். பனிமலை பார்த்த அந்த மகானோ நேரே கீழ்நோக்கி ஓடினார். செம்மண் அவரை இடுப்புவரை மூடி, ஒரு தேயிலைச் செடியில் கொண்டுபோய்ச் செருகியது.

மண் அடங்கும்வரை அவள் யாரையும் நகரவிடவில்லை. பிறகு இரண்டு பெண்களை மேலே பார்க்க நிறுத்திவிட்டு, மழைக்குப் போர்த்தியிருந்த கம்பளிகளை முடிந்து வீசி, அவரை இழுத்துப் போட்டாள். பூட்ஸ் இரண்டும் மண்ணோடு போயின. அவர் அழுதார். அதற்காக நான் அவரை இளக்காரமாக நினைக்கவில்லை.

மூன்றாம் நாள் பெரிய துரைக்கு அறிக்கை எழுத என்னைக் கூப்பிட்டார். பனிமலை அனுபவத்தால் ஆபத்தை முன்பே உணர்ந்து பெண்களைத் தடுத்தாராம். அவர்களைக் காப்பாற்றும்போது தாம் சிக்கிக்கொண்டாராம். முகத்தில் ஒரு சுருக்கமில்லாமல் சொன்னார். நானும் முத்து முத்தான எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். அவரை வேறொரு தோட்டத்துக்குப் பெரிய துரையாக அனுப்பினார்கள்.

காகிதத்தில் என்ன எழுதினேன் என்று அவள் கேட்டாள். மறைக்காமல் சொன்னேன்.

"எழுதிட்டுப் போறாரு" என்றாள், கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டே. "போற தோட்டத்துப் பொம்பளைக பாடுதான் கஷ்டம். நீங்க அங்கயும் கூடப் போறீகளா?"