அக்காவின் கறுப்புக் கண்ணாடி

குன்றத்தூரில் கண் டாக்டர் டார்ச் அடித்ததும், ரோசம்மா அக்கா நெற்றியில் கையை வைத்து வெளிச்சத்தை மறைத்தாள். சின்ன வயதில் கழனியில் நிற்கும்போதும் அப்படித்தான் மறைப்பாள்.

வல்லம் வடகாலில் இன்று கார் பாகங்கள் செய்யும் கம்பெனி நிற்கும் இடத்தில் எங்கள் நெல்வயல் இருந்தது. அப்பா என்னைப் பள்ளிக்கு அனுப்பினார், அக்காவைக் களையெடுக்க அனுப்பினார். வயல் தண்ணீரில் பட்ட வெயில் அவள் முகத்தில் திருப்பி அடிக்கும். மாலையில் கண்கள் சிவந்து நீர் வடியும். சர்ச்சில் நடந்த கண் முகாமில் அவளுக்கு ஒரு கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள்.

"இன்னாடா பாக்குற, நல்லா கீதா?" என்று போட்டுக் காட்டினாள்.

நன்றாக இருந்தது. அதனால்தான் எடுத்தேன். வகுப்பில் ஒருவனிடம் அதைக் கொடுத்து மைப்பேனா வாங்கிக்கொண்டேன். வீட்டில், "அக்கா கழனியில தொலைச்சிட்டா" என்று சொன்னேன். அப்பா அவளை அடித்தார். அவள் மறுத்துப் பேசவில்லை. பிறகு நாற்பது வருஷம் வெறுங்கண்ணோடு வெயிலில் நின்றாள். நான் அந்தப் பேனாவால் பரீட்சை எழுதி வாத்தியார் ஆனேன்.

"வருஷக்கணக்கா வெயில் பட்டு, சதை வளர்ந்து கருவிழியையே மூடியிருக்கும்மா. அப்பவே ஒரு கறுப்புக் கண்ணாடி போட்டிருக்கலாமே?" என்றார் டாக்டர்.

"ஒண்ணு இருந்துது சார். தம்பி அதைக் குடுத்துட்டுப் பேனா வாங்கிகினான்."

அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன். டாக்டர் வேடிக்கைப் பேச்சு என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.