மருதாணியின் முதல் அரைப்படி

மந்தைவெளியில் பால் விற்றுப் பிழைத்த பாஞ்சாலிக்கு மாடு ஒன்றுதான், வாய் ஒன்பது. மாட்டின் பெயர் மருதாணி. அரைத்து அப்பிய உள்ளங்கை மாதிரி அப்படி ஒரு சிவப்பு. விடியற்காலையில் பாஞ்சாலி போடும் சத்தத்தில்தான் கபாலி கோயில் சேவல்கள் கண்விழிக்கும். கோயிலில் சேவல் ஏது என்று கேட்பவர்கள் அந்தக் காலத்தில் மயிலாப்பூரில் இருந்ததில்லை.

அவளுக்கு ஒரே ஒரு குறை. மருதாணி மூன்று முறை ஈன்றும் மூன்றும் தெருக்காளையின் வாரிசுகள். மூன்றில் ஒன்றுகூடக் கிடாரி இல்லை, மூன்றும் சோப்ளாங்கி. நல்ல சாதிக் காளைக்கு ஒரு பெண்கன்று வேண்டும், தான் கண்ணை மூடுவதற்குள் அது கறப்பதைப் பார்க்க வேண்டும். அப்போது அவளுக்கு வயது முப்பத்தெட்டு. கண்ணை மூடும் உத்தேசமெல்லாம் கிடையாது, பேச்சுக்குச் சொல்வது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டாம் வருஷம் அடையாற்றில் இருந்த மாட்டு ஆராய்ச்சி ஆபீஸிலிருந்து சங்கரன் என்பவர் வந்தார். கால்நடை வைத்தியம் படித்தவர், மயிலாப்பூர்க்காரர், பரம சாது. ஒரு மாதம் பருத்திக்கொட்டை, அடுத்த மாதம் ஊறவைத்த கடலைப் பிண்ணாக்கு. எதில் பால் கூடுகிறது என்று ஏழு வீட்டு மாடுகளில் பார்க்கப் போவதாகச் சொன்னார். தீவனம் ஆபீஸ் கொடுக்கும். முடிவில், நாளுக்கு ஆறு அரைப்படியும் அதற்கு மேலும் கறக்கும் மாடுகளுக்குப் பண்ணையிலிருந்து வரும் உயர்சாதிச் சிந்திக் காளையைச் சேர்ப்பார்கள்.

“சிந்திக் காளையா? எத்தினி நாளு வோணா எழுதிக்கோ சாமி” என்றாள் பாஞ்சாலி.

முதல் நாள் சங்கரன் பாலை நிறுக்கத் தொங்கு தராசு கொண்டுவந்தார். மருதாணி விட்ட உதையில் அது கிணற்றில் விழுந்தது. இது சங்கரன் சொன்னது. திருவான்மியூர்க் கடலில் விழுந்தது, மீன்பிடிக்கிறவர்கள் வலையில் எடுத்தார்கள் என்பது பாஞ்சாலி சொன்னது. எப்படியோ, தராசு போயிற்று. அவள் தன் அரைப்படித் தகரத்தால் வாய்விட்டு அளப்பதென்றும் அவர் கேட்டு எழுதுவதென்றும் ஏற்பாடாயிற்று.

அவளும் பிறந்ததிலிருந்து அளந்தபடியே அளந்தாள். “லாபம்... ரெண்டு... மூணு... நாலு.”

சங்கரனுக்கு முதல் நாளே சங்கடமாகிவிட்டது. முதல் அரைப்படியை ‘லாபம்’ என்று இவள் தன் வீட்டுக்கு ஒதுக்கிக்கொள்கிறாள், ஏழை, இதைப் போய்க் கேட்பதா? அதற்குப் பிறகு ஒன்றென்று தொடங்காமல் இரண்டென்று தொடங்குகிறாள், படிக்காதவள், பாவம். தினமும் ஒரே அளவுதானே குறைகிறது, தீவனங்களை ஒப்பிடுவதற்கு அதனால் பாதகமில்லை. இப்படியெல்லாம் மிகுந்த தயாளத்தோடு யோசித்து, அவள் நாலு என்று முடித்தால் மூன்று என்று எழுதினார். சாயங்காலம் மூன்று என்று முடித்தால் இரண்டு.

இரண்டு மாதம் கழித்து, புதன்கிழமை, ஆபீஸில் பட்டியல் ஒட்டினார்கள். காளை வந்தாயிற்று, வெள்ளிக்கிழமை திரும்பிப் போய்விடும். பட்டியலில் மருதாணி இல்லை. வியாழன் காலை மருதாணி காளைக்குக் கத்தத் தொடங்கியது. இன்று விட்டால் இனி மூன்று வாரம். அப்போது தெருக்காளைதான் கதி.

பாஞ்சாலி மாட்டைப் பிடித்துக்கொண்டு நேரே சங்கரன் வீட்டு வாசலுக்கு வந்தாள்.

“சாமி! வெளிய வா! என் மாட்ட இன்னான்னு எழுதி வச்சிக்கீறே?”

சங்கரன் ஈரத் துண்டோடு வந்தார். “நாளுக்கு அஞ்சு அரைப்படி. ஆறு இருந்தாத்தான் காளை. நான் என்ன பண்றது, பாஞ்சாலி?”

“அஞ்சா? அஞ்சு உன் ஊட்டுப் பூனை கறக்கும்! ஏழுய்யா! காலையில நாலு, சாயந்திரம் மூணு. பக்கத்துல குந்திகினு தானே எழுதுனே? தூங்கிகினு எழுதுனியா? தோ, இப்பவே கறக்கிறேன், பாத்துக்கோ.”

சத்தம் கேட்டு அவர் மனைவி ஜானு பாத்திரத்தோடு வாசலுக்கு வந்தாள். பாஞ்சாலி அங்கேயே உட்கார்ந்து, கையோடு கொண்டுவந்த வாளியில் கறந்தாள். நுரை அடங்கியதும் தகரத்தை முக்கினாள். “லாபம்.”

சங்கரன் உள்ளிருந்து எடுத்துவந்த பென்சில் அசையவில்லை.

“இன்னா, எழுதலே?”

“அது உன் லாபமாச்சே. உன் ஆத்துக்குன்னு எடுத்து வச்சுக்கறது. அதைப் போய் நான் எப்படி எழுதறது?”

பாஞ்சாலிக்கு விளங்கவில்லை. ஜானுவுக்கு விளங்கிவிட்டது. பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

“ராமா! ஏன்னா, லாபம்னா ஒண்ணுன்னா! நெல் அளக்கறச்சே யாராவது ஒண்ணுன்னு ஆரம்பிப்பாளோ? ஒத்தையா நின்னுடப்படாதுன்னு லாபம்னு சொல்லுவா. இத்தனை படிச்சேளே, ஒரு நாள் மரக்கால் பக்கத்துல நின்னதில்லையா?”

“அய்யய்யோ! ரெண்டு மாசமா என் மாட்டுப் பாலைப் புஸ்தகத்துலயே குடிச்சிட்டியே, சாமி!”

சங்கரன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ஏழு வீட்டிலும் அதே லாபம், ஏழு வீட்டிலும் அதே தயாளம். “பெரிய அதிகாரி கிட்ட இதை எப்படிச் சொல்றது?”

“நீ சொல்றியா? இல்லே, நான் மாட்ட இட்டுகினு உள்ளார வரட்டா?”

அவரே சொல்வதாக ஒப்புக்கொண்டார்.

நோட்டுப் புத்தகத்தோடு சங்கரன் முன்னால் நடந்தார். நடுவில் கத்திக்கொண்டு மருதாணி. கடைசியில் கம்போடு பாஞ்சாலி. அடையாற்றுப் பாலம் ஏறும்போது பின்னால் பதினொரு தெருக்காளைகள் சேர்ந்துவிட்டன. பாஞ்சாலி திரும்பித் திரும்பி விரட்டினாள். “போங்கடா! பொண்ணு கேக்கற மூஞ்சிங்களைப் பாரு!”

ஆபீஸில் பெரிய அதிகாரி பக்கம் பக்கமாகப் புரட்டினார். கடலைப் பிண்ணாக்கு மாதத்தில் பால் கூடியிருப்பது எப்படிக் கூட்டினாலும் நின்றது. அதனால் ஆராய்ச்சி பிழைத்தது. “ஒன்று எண்ணத் தெரியாமலே இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்” என்று மட்டும் சொன்னார். எல்லாப் பக்கத்தையும் சிவப்பு மையில் திருத்தும்படி உத்தரவானது. இரண்டு மாடுகள் இருந்த பட்டியலில் ஐந்து ஆயின. சிந்திக் காளையின் பயணம் திங்கட்கிழமைக்குத் தள்ளிப்போயிற்று. காளை ஆட்சேபிக்கவில்லை.

கொட்டகையில் காளையை அவிழ்த்துவிட்டார்கள். மருதாணியைவிட ஒரு சாண் உயரம், கழுத்தடியில் ஆடும் அலைதாடி, பட்டுப் போன்ற தோல். பாஞ்சாலி அதை ஒரு தரம் ஏற இறங்கப் பார்த்தாள். திருப்திதான். உடனே புடவைத் தலைப்பை இழுத்துக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள். சங்கரன் பென்சிலோடு அங்கேயே நின்றார்.

“இன்னா சாமி, வெக்கங்கெட்டுப் பாத்துகினுக்கீறே? திரும்பு அப்பால.”

“நேரம், தேதி எல்லாம் பார்த்து எழுதணும், பாஞ்சாலி.”

“அத்த நான் பாத்துச் சொல்றேன். நீ எழுதிக்கோ.”

சங்கரன் திரும்பி நின்றார். அவள் ஓரக்கண்ணால் பார்த்துச் சொல்லச் சொல்ல, ஓர் எழுத்து விடாமல் எழுதினார்.